எர்த்துக்கு இன்னொரு பேர்

அத்தியாயம் 17

சுடலைமுத்துவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டை போட முடியவில்லை. தலை சீவ முடியவில்லை. காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முகம் கோணிக்கொண்டது.

கடப்பாரை போட்டு மிஷினை நெம்பிய தோள் அது. அதே கையால்தான் போன வியாழக்கிழமை மரப்பலகையை ஓங்கி, கூட வேலை செய்யும் முனிவேலின் மணிக்கட்டில் அடித்தான். அடிக்காவிட்டால் கரண்டு முனிவேலை விட்டிருக்காது. பலகை உடைந்தது. மிஷினில் ஒட்டியிருந்த கை விடுபட்டு வந்தது. உயிர் மிஞ்சியது.

"கொஞ்சம் குனியுங்க" என்றாள் முத்துமணி. தைலத்தைத் தேய்த்தாள். அவன் பல்லைக் கடித்தான்.

சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நாகம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஏட்டி, இன்னைக்குத்தான உன்ன ஆபீசுல கூப்பிட்டிருக்காவ?"

"ஆமா அத்தை. பத்து மணிக்கு."

"இந்த இங்கிலீசு கிளாசே வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். எவன் கேட்டான்? புருசன் உக்காந்திருக்க, பொண்டாட்டி பிரம்பு வச்சிக்கிட்டுப் பாடம் நடத்துறது எந்த ஊர்லயும் கெடையாது."

"பிரம்பெல்லாம் இல்லம்மா" என்றான் சுடலைமுத்து.

"இருந்திருந்தா ஒழுங்காப் படிச்சிருப்ப."

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

அவன் சட்டையின் இடது கையை மட்டும் நுழைத்துக்கொண்டு நின்றான். வலது கையை அவள்தான் பிடித்து நுழைத்துவிட்டாள். பொத்தான் போடும்போது தணிந்த குரலில் சொன்னான்.

"மணி, நான் சொல்லுதத மட்டும் கேளு. கிளாஸ்ல அந்த வார்த்தைய சொல்லிக் குடுத்தியான்னு கேப்பாவ. சொல்லிக் குடுத்தேன், சரியாத்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிட்டு வந்துரு."

அவள் கை நின்றது. "சரியாவா சொல்லிக் குடுத்தேன்?"

"சொல்லு."

"அப்ப தப்பு உங்க மேலல்லா வரும்? சொல்லிக் குடுத்தும் ஒயர மாட்டாம விட்டான்னு உங்களத்தான் வெளியே அனுப்புவாங்க."

"வராது."

"எப்படி வராது?"

அவன் டிபன் கேரியரை இடது கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நடந்துவிட்டான்.

*

கம்பெனிக்கு அமெரிக்கா கொலாபரேஷன் வந்து எட்டு மாதம். அங்கே ஓடிய பழைய மிஷின்கள் கப்பலில் வந்து சென்னையில் இறங்கி, லாரியில் கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் சேர்ந்தன. கூடவே இரண்டு வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் பேசுவது யாருக்கும் பிடிபடவில்லை. ஐ.டி.ஐ. படித்தவர்கள் ஸ்பேனர் என்பார்கள், வெள்ளைக்காரர் ரெஞ்ச் என்பார். இவர்கள் டார்ச் என்றால் அவர் ஃபிளாஷ்லைட் என்பார். ஒரு தடவை, பெட்டியை டிரங்க்கில் வை என்று அவர் காரைக் காட்டிச் சொன்னார். கங்கப்பன் ஓடிப்போய் வாட்ச்மேனின் தகர டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கார் பக்கத்தில் வைத்தான். அதற்குள் இருந்த வாட்ச்மேனின் லுங்கியை வெள்ளைக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் பர்சனல் ஆபீசர் ராமப்பன், பி.ஏ. இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு வீட்டில் இருந்த முத்துமணியைக் கூப்பிட்டனுப்பினார். வாரம் மூன்று நாள், ஷிப்ட் மாறும் நேரத்தில், கேன்டீனில் கிளாஸ். லண்டன் வார்த்தை போர்டில் இடது பக்கம், அமெரிக்க வார்த்தை வலது பக்கம்.

"லண்டன்ல பூட். அமெரிக்காவுல டிரங்க்" என்றாள் முதல் நாள்.

"நாம டிக்கின்னு சொல்றமே, அது எந்த ஊரு இங்கிலீசு மேடம்?" என்று கேட்டான் கங்கப்பன்.

"ஓசூர் இங்கிலீசு."

கேன்டீனே சிரித்தது. அன்றைக்கே அவளை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. முனிவேல்தான் 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தான். கெலமங்கலத்துக்காரன். கான்ட்ராக்ட் ஆள். எட்டாவதோடு நின்றவன். வாய்விட்டுக் கேள்வி கேட்பது அவன் ஒருத்தன்தான்.

மூன்று வாரம் முன்னால் அவன் கேட்டான். "டீச்சரம்மா, புதுசா வந்த கிரைண்டிங் மிஷின்ல கிரவுண்டுன்னு ஒரு அட்டை தொங்குதுங்க. அது இன்னா?"

அவளுக்குக் கேட்டவுடன் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். கல்லூரியில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு தானாக வந்தது. "கிரைண்ட், கிரவுண்ட், கிரவுண்ட். அரைக்கிறான், அரைத்தான். கிரைண்டிங் முடிஞ்ச சாமான்னு அர்த்தம்."

"அட, நம்ம டிபார்ட்மெண்டுதான்" என்றான் கங்கப்பன். உண்மையில் ஸ்டோர்ஸில் கிரைண்டிங் முடிந்த சாமான்களில் அப்படித்தான் முத்திரை குத்தியிருக்கும். எல்லாருக்கும் அது பொருந்திவந்தது. அட்டை எதில் தொங்குகிறது என்று அவள் கேட்கவில்லை. பச்சை ஒயரில் என்று அவனும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அந்த மிஷினை மூன்றடி நகர்த்தச் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் வேறு ஷெட்டில் இருந்தார். "அட்டையப் பாத்து ஒயர மாட்டுங்கப்பா, இங்கிலீஷ் கிளாஸ் போறீங்கல்ல" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் இன்ஜினியர் சாப்பிடப் போனார். சுடலைமுத்து ஒவ்வொன்றாக மாட்டினான். பச்சை ஒயர் வந்தது. அட்டையைப் படித்தான். கிரவுண்ட். கிரைண்டிங் முடிந்தது. வேலை எதுவும் பாக்கியில்லை. ஒயரைச் சுருட்டி மிஷினுக்கு அடியில் சொருகினான்.

நெம்பும்போது எங்கேயோ இன்னொரு ஒயர் நசுங்கியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் மிஷின் உடம்பு முழுக்கக் கரண்டு. மிஷினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரில் நனைந்த கையை முனிவேல் அதன் மேல் வைத்தான்.

சத்தம் கேட்டு வெள்ளைக்காரர் ஓடிவந்தார். மொழிபெயர்க்க முத்துமணியைக் கூட்டிவந்தார்கள். கிரவுண்ட் பண்ணாமல் விட்டது யார் என்று அவர் இங்கிலீஷில் கத்தினார். அவள் தமிழில் சொன்னாள்: "கிரைண்டிங் பண்ணாம விட்டது யாருன்னு கேக்கிறார்."

யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வெள்ளைக்காரர் குனிந்து பச்சை ஒயரை இழுத்து அவள் கண்ணுக்கு நேரே ஆட்டினார். காலால் மண்ணை மிதித்து மிதித்துக் காட்டினார்.

எர்த்.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தை ஓசூரில் தெரியாதவன் இல்லை. மோட்டார் கொட்டகை வைத்திருக்கும் விவசாயிக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றி எர்த் குழியை நனைத்துவைக்கும் பெண்களுக்குத் தெரியும். எர்த் என்று எழுதியிருந்தால் சுடலைமுத்து தூக்கத்தில் கூட மாட்டியிருப்பான்.

*

ராமப்பனின் அறையில் மேலே ஃபேன் ஓடியது. அவர் அவளை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். டீ வந்தது அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒரே கேள்விதாம்மா. கிரவுண்ட்ங்கிற வார்த்தை உங்க கிளாஸ்ல வந்ததா?"

"வந்தது சார்."

"நல்லது."

"சார், ஆனா நான்..."

"அவ்வளவுதாம்மா எனக்கு வேணும். டீ குடிங்க."

"சார், நான் சொன்னது..."

ராமப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் மேலே ஒருத்தர் இருந்தார், அவருக்கும் மேலே அமெரிக்கா இருந்தது. "அம்மா, முனிவேல் ஞாயித்துக்கிழமை சாயந்திரமே சொல்லிட்டான். டீச்சரம்மா சரியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, நான்தான் மறந்துட்டேன், ஒயர மாட்டினதும் நான்தான், அப்படின்னான்."

முத்துமணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவனா மாட்டினான்?"

"அவன்தான்னு அவனே சொல்றான். உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னாரு, காப்பாத்தினாரு. நல்ல பேருதான். வர்ற மாசம் பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல அவரு இருக்காரு, தெரியுமில்ல?"

"அப்ப முனிவேலுக்கு?"

"கான்ட்ராக்ட் ஆளு. அவன் கவனக்குறைவு. கம்பெனி பொறுப்பு இல்லன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. ஆஸ்பத்திரி செலவு நாங்க பாத்துக்கறோம், மனுஷாபிமானத்துல."

"சார், அவன் சொன்னது பொய். தப்பாச் சொல்லிக் குடுத்தது நான். நான் அரைச்சதுன்னு..."

"அம்மா." அவர் குரலை உயர்த்தவில்லை. "இத நீங்க சொன்னா என்ன ஆகும், யோசிங்க. கிளாஸ் போகும். அப்ப மாட்டினது யாருன்னு மறுபடி கேப்பாங்க. உங்க வீட்டுக்காரர் போவாரு. முனிவேலுக்கு அந்தக் கை பழையபடி வராது. நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. சரியா? இன்னைக்கு கிளாஸ்ல அந்த வார்த்தைய எல்லாருக்கும் மறுபடி ஒரு தடவை சொல்லிக் குடுத்துடுங்க. சத்தமா."

வெளியே வந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. விசாரணை என்று கூப்பிட்டதே அவளை எதுவும் சொல்லவிடாமல் இருக்கத்தான்.

*

கேன்டீனில் வழக்கம்போல முப்பது பேர் இருந்தார்கள். எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சில், ஜன்னலோரம், முனிவேலின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டாவது பெஞ்சில் சுடலைமுத்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.

சாக்பீஸ் எடுத்தாள். இடது பக்கம் எர்த் என்று எழுதினாள். வலது பக்கம் கிரவுண்ட்.

"லண்டன்ல எர்த். அமெரிக்காவுல கிரவுண்ட்" என்றாள். "சொல்லுங்க."

"லண்டன்ல எர்த். அமெரிக்காவுல கிரவுண்ட்." முப்பது தொண்டையும் சேர்ந்து சொன்னது. சுடலைமுத்துவின் உதடும் அசைந்தது.

"இன்னொரு தடவை."

சொன்னார்கள்.

அவள் சாக்பீஸை மேஜையில் வைத்தாள். கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச முடியாது. "மூணு வாரம் முன்னாடி முனிவேல் இந்த வார்த்தையக் கேட்டான். அன்னைக்கு நான் உங்களுக்கு..."

"கேக்கலைங்க" என்றான் கங்கப்பன்.

அவள் நிமிர்ந்தாள். "என்ன?"

"முனிவேல் ஒண்ணும் கேக்கல மேடம். நீங்களும் வேற எதுவும் சொல்லல." சிரிக்கவைக்கும் அந்த வாயில் சிரிப்பே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "காலையில இன்ஜினியர் வந்து எல்லார்கிட்டயும் பேசிட்டாரு. நாங்களும் பேசிக்கிட்டோம்."

"கங்கப்பா, நீயுந்தான இருந்த? நம்ம டிபார்ட்மெண்டுன்னு நீதான சொன்ன?"

"நான் எதையோ தமாசுக்குச் சொல்லுவேன் மேடம். எனக்கே ஞாபகம் இருக்காது." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க" என்றான்.

மற்றவர்கள் பெஞ்சைச் சுரண்டினார்கள். யாரோ இருமினார்கள். எல்லாரும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவதா, கத்துவதா என்று தெரியாமல் நின்றாள்.

"மேல சொல்லிக் குடுங்க மேடம்" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். "நேரமாவுது."

அவள் திரும்பி போர்டைப் பார்த்தாள். அடுத்த வரி என்ன எழுதுவதென்று எதுவும் வரவில்லை. ஸ்பேனர் என்று எழுதினாள். அதை முதல் வாரமே எழுதியாயிற்று. யாரும் சொல்லிக்காட்டவில்லை. எல்லாரும் புதிதாகக் கேட்பதுபோலச் சத்தமாகச் சொன்னார்கள்.

*

கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் பிளாஸ்டிக் ஒயர்க் கூடை. அதற்குள் ஃபிளாஸ்க், மாற்றுத் துணி. கண் வீங்கியிருந்தது.

"டீச்சரம்மா நீங்கதானுங்களா? நான் மாரம்மா. முனிவேல் சம்சாரம்."

முத்துமணி கிட்டே போனாள். "எப்படி இருக்கார்?"

"காலையில ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. இதும் இதும்." தன் வலது கையிலேயே கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொட்டுக் காட்டினாள். "அவரு அழல. நான்தான் அழுதுக்கினே இருந்தேன். உங்களப் பாக்கணும்னாரு."

"என்னையா?"

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு கிருஷ்ணகிரியிலருந்து லேபர் ஆபீசரு ஆஸ்பத்திரிக்கு வராராம். கூட அந்த வெள்ளைக்காரரும் வராராம். எங்களுக்கு அவங்க பேசறது ஒண்ணும் தெரியாது. எங்க அண்ணன் வேப்பனப்பள்ளியில மண்டியில இருக்காரு, அவருக்குத் தெலுங்கு கன்னடம் எல்லாம் வரும். இது வராது. டீச்சரம்மா வந்து நம்ம பக்கம் நின்னு இங்கிலீசுல சொன்னா போதும், ஆபீசருங்க நம்புவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு."

"என்ன சொல்லணும்?"

"அதான் எனக்கும் தெரியலீங்க." மாரம்மா கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "நான்தான் மறந்துட்டேன்றாரு. அவரு மறக்கற ஆளா? நீங்க சொல்லிக் குடுத்ததையெல்லாம் வீட்ல வந்து என்கிட்ட ஒப்பிப்பாருங்க. லிஃப்ட்டுன்னா எலிவேட்டர். நானே சொல்லுவேன் பாருங்க. டார்ச்சுன்னா பிளாஷ்லைட்டு. இந்தக் கிரவுண்டையும் ஒப்பிச்சாரு. அரைச்சதுன்னு அர்த்தமாம். அன்னைக்கு நான் மாவு அரைச்சிக்கினு இருந்தேன், நீயும் கிரவுண்டுதான்னு சிரிச்சாரு."

முத்துமணி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சரிதானுங்களே டீச்சரம்மா?"

மாரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளுக்குச் சொல்ல இன்னும் இருந்தது.

"உங்க வீட்டுக்காரரு தங்கமான மனுசன். பலகையில அடிச்சு உசுரக் காப்பாத்தினாரு. ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து இவரு கால்மாட்டுல உக்காந்து அப்படி அழுதாரு. என்னை வெளியே போய் டீ வாங்கிக்கினு வரச் சொன்னாங்க. ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கினு பேசினாங்க. அப்புறந்தான் இவரு ஆபீசர் வந்தப்ப நான்தான் மாட்டினேன்னு சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க படிச்சவங்க. உங்களுக்குப் புரியுதுங்களா?"

காலையில் சுடலைமுத்து சொன்ன 'வராது' இப்போது அவளுக்கு முழுசாகப் புரிந்தது. கம்பெனிக்கு உள்ளேயிருந்து அவன் வெளியே வருவது தெரிந்தது. தூரத்திலேயே மாரம்மாவைப் பார்த்துவிட்டான். நின்றுவிட்டான். கிட்டே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள்ளேயே நின்றான்.

கெலமங்கலம் பஸ் வந்தது. "வெள்ளிக்கிழமை வந்துடுங்க டீச்சரம்மா. பத்து மணிக்கு" என்று சொல்லிக்கொண்டே மாரம்மா ஏறினாள். படியில் நின்று திரும்பினாள். "அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமும் இருக்குதுங்களா?"

பஸ் கிளம்பிவிட்டது.

இருக்கிறது என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். புகையும் தூசியும்தான் உள்ளே போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் புருஷன். இந்தப் பக்கம் அவள். முனிவேலிடம் அவள் பட்ட கடன் பெரிய கடன் ஒன்றும் இல்லை, ஒரே வாக்கியம்தான். நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அதை இங்கிலீஷில் சொல்லவேண்டும், வெள்ளைக்காரருக்கும் புரியும்படி.